காரம் ஏறாத காசுந்தி

பாக்பஜாரின் அந்தச் சந்தில் இரண்டு கைரிக்‌ஷா எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டும். இரண்டு பக்கத்து மாடி வராந்தாக்களும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். மாடியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்கிக் காய்கறி வாங்குவது அங்கே ஊரடங்கு வந்து சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை. முழங்கால் வலி கண்ட பெண்கள் எல்லோரும் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். அந்தக் கோடையில் புதிதாகச் சேர்ந்தது சண்டை மட்டும்.

"பையை மட்டும் தொடு அப்பா. கயித்தத் தொடாத," என்று மேலிருந்து பாருல் சொல்வாள்.

"கயித்தத் தொடாம முடிச்சு எப்படிம்மா போடறது?" கீழே நிற்கும் மருமகன் அனிமேஷ் கேட்பான்.

"கொக்கி வெச்சிருக்கேனே. கொக்கியில மாட்டு. மாட்டிட்டுத் தள்ளி நில்லு."

அவன் தள்ளி நிற்பதற்குள் அவள் கணவர் சுபிமல் கம்பிமேல் சாய்ந்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "இரு, இரு. மீனை வெளியில எடு. செவுளத் திறந்து காட்டு."

"பாபா, இது இன்னைக்குக் காலையில வந்த மீன்."

"மீன்காரன் அதைத்தான் சொல்லுவான். நீயுமா சொல்லணும்? திற."

அனிமேஷ் நடுச்சந்தில் மீனின் செவுளை விரலால் பிளந்து வானத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டுவான். எதிர் வராந்தாவில் துணி உலர்த்தும் சுலேகா தன் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பாள். சுபிமல் அவளுக்கு அண்ணன் முறை. "தாதா, மருமகன் வாயையும் திறந்து பாத்துக்கோங்க, பல்லு கெட்டுப் போயிருக்கப் போகுது," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு முடிவதற்குள் சுபிமலுக்கு இருமல் வந்துவிடும். சிரிப்பும் அத்தோடு நின்றுபோகும்.

காசிப்பூர் சணல் கிடங்கில் தன் வயதெல்லாம் கணக்குப் பார்த்தவர் அவர். சணல் தூசு நெஞ்சில் குடியேறி, படுத்தால் விசில் அடிக்கும். நோய் பரவ ஆரம்பித்தபோதே டாக்டர் போனில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: இது இவர் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வரமாட்டார், வீட்டுக்குள் எதையும் விடாதீர்கள். பாருல் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். எதையும் விடாதீர்கள் என்றால் எதையும்தான்.

படிக்கட்டு முடியும் இடத்தில் இரண்டு வாளிகள் வைத்தாள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். பால் பாக்கெட் இரண்டிலும் முங்கி எழுந்துதான் அடுக்களைக்குள் போகும். உருளைக்கிழங்கு ஒவ்வொன்றையும் குழந்தைக்குக் காது கழுவுவதுபோலக் கழுவி மொட்டை மாடி வெயிலில் காய வைத்தாள். கீரையைச் சோடா உப்பில் ஊற வைத்தாள். ரொட்டியைக் கழுவ முடியாது, ஆகவே இரண்டு பக்கமும் தீயில் காட்டினாள். செய்தித்தாளை நிறுத்தினாள், நிறுத்துமுன் ஒரு வாரம் இஸ்திரி போட்டுப் பார்த்தாள். பையும் கயிறும் கொதிநீரில் வெந்து வெந்து நார் நாராயின. அவள் விரலிடுக்கெல்லாம் வெளுத்துச் சேற்றுப்புண் வந்தது. பிளீச்சிங் பவுடர் நெடிக்கு சுபிமல் இருமியதால் அதை மட்டும் விட்டுவிட்டாள்.

அவளைப் பைத்தியம் என்று சொல்ல அந்தச் சந்தில் யாருக்கும் தகுதி இல்லை. சுலேகா ஒருநாள் பொரியைத் தண்ணீரில் போட்டுக் கழுவி, கூழாக அள்ளிச் சாக்கடையில் கொட்டியவள்.

மருந்து மொத்த வியாபாரக் கடையில் அனிமேஷுக்கு வேலை. அதனால் அவனுக்கு மட்டும் வெளியே நடமாட அனுமதி இருந்தது. பெல்காச்சியாவிலிருந்து சைக்கிளில் வந்து, கடைக்குப் போகிற வழியில் சாமானைக் கொடுத்துவிட்டுப் போவான். மகள் துலிக்குக் கைக்குழந்தை, அவள் வீட்டை விட்டு அசையவில்லை. சொந்த மகன் இருந்தால்கூட இப்படிச் செய்திருப்பானா என்று பாருல் நினைக்காத நாள் இல்லை. நினைத்ததை ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. கொக்கியில் மாட்டு, தள்ளி நில்லு என்று மட்டும்தான் சொன்னாள்.

இதற்கு நடுவில் அட்சய திருதியை வந்தது. அன்றைக்குத்தான் காசுந்தி போடுவார்கள். கடுகை அரைத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து ஜாடியில் புளிக்கவிடுகிற சாமான். சுத்தம் என்றால் அதற்குத்தான் சுத்தம். தலை முழுகி, ஈரப்புடவையோடு, கிழக்கே பார்த்துக் கடுகைக் கழுவவேண்டும். பெண்கள் ஒற்றைப்படையில் இருக்கவேண்டும். ஜாடியை மூடும்போது குலவை இடவேண்டும். காசுந்தி கெட்டுப்போனால், உப்புச்சப்பில்லாமல் போனால், வருஷம் முடிவதற்குள் அந்த வீட்டில் சாவு விழும் என்பது அந்தச் சந்துப் பெண்களின் நம்பிக்கை. பாருல் வீட்டுக் காசுந்தி ஒருதடவைகூடச் சோடை போனதில்லை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தால் மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் போய்க் குத்தும். பாக்பஜாரில் அவளைத் தெரியாதவர்களுக்கும் அவள் காசுந்தியைத் தெரியும்.

அந்த வருஷம் உதவிக்கு ஆள் கூப்பிட முடியாது. தனியாகவே செய்தாள்.

"பௌதி, ஒத்தையில செய்யலாமா? சாஸ்திரம் ஒத்துக்குமா?" என்று எதிரிலிருந்து சுலேகா கேட்டாள். அந்தச் சந்தில் பாருல் எல்லோருக்கும் பௌதி, அண்ணி.

"ஒண்ணும் ஒத்தப்படைதானே. நீ அங்கேயிருந்து குலவை போடு, போதும்."

சந்துக்கு மேலே இரண்டு வராந்தாவிலிருந்தும் குலவை எழுந்தது. முகக்கவசத்தோடு இடும் குலவை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மே மாதம் புயல் வந்தது. சந்தின் முனையில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்து மின்கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பாருல் வீட்டில் தெருப்பக்கத்து ஜன்னல் கதவுகள் பிய்ந்து எங்கேயோ விழுந்தன. மறுநாள் காலையில் சந்தில் முழங்கால் தண்ணீர். அனிமேஷ் வந்தான். சைக்கிளை எங்கோ விட்டுவிட்டு, தண்ணீர் கேனைத் தோளிலும் மெழுகுவத்தியும் அவலும் கட்டிய பொட்டலத்தைத் தலையிலும் வைத்துக்கொண்டு நடந்தே வந்தான். கொக்கியில் மாட்டினான். சொல்லாமலே தள்ளி நின்றான். அப்புறம் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து நனைந்த ரொட்டியை எடுத்துத் தின்றான்.

பாருல் மேலே நின்று அதைப் பார்த்தாள். நமக்குச் சோறு போடுகிறவன் நம் வாசலில் நாய் மாதிரி உட்கார்ந்து தின்கிறான் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் ஜமாய் ஷஷ்டி. மாமியார் மருமகனை உட்காரவைத்து, நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து, கையில் மஞ்சள் நூல் கட்டி, நனைத்த பனைவிசிறியால் விசிறி, வயிறு வெடிக்கச் சாப்பாடு போடுகிற நாள். ஊரே மூடிக் கிடந்தாலும் நாள் வராமல் இருக்குமா?

"இந்த வருஷம் வேண்டாம்னு துலிகிட்ட சொல்லிடட்டுமா?" என்று பாருல் கணவரைக் கேட்டாள். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் நிம்மதி என்று ஒரு பக்கம் இருந்தது. சொல்லிவிடுவாரோ என்று இன்னொரு பக்கம் இருந்தது.

"ஏன் வேண்டாம்?"

"உங்க நெஞ்சு."

"பால் பாக்கெட்டைக் கழுவி உள்ள விடறே. பூசணிக்காயைக் கழுவி உள்ள விடறே. மருமகன் பூசணிக்காயவிடக் கேவலமா? அவனையும் சோப்புத் தண்ணியில முக்கி எடு."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. கழுவினால் போகாதது என்ன இருக்கிறது? இரண்டு மாதமாக அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது அது ஒன்றுதானே.

அன்று காலையில் காசுந்தி ஜாடியைத் திறந்தாள். முதல் கரண்டியை ஒரு கிண்ணத்தில் போட்டு, பைக்குள் வைத்து, கொசுவலைக் கம்பின் நுனியில் மாட்டி எதிர் வராந்தாவுக்கு நீட்டினாள். சுலேகா கிண்ணத்தையும் கழுவி, தன் கையையும் கழுவி, அப்புறம் ஒரு துளி நாக்கில் வைத்தாள். வைத்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கண்ணும் மூக்கும் ஒழுகின.

"ஐயோ பௌதி, இது காசுந்தியா கொள்ளியா? செத்துப்போன எங்க மாமியார் முகமெல்லாம் கண்ணு முன்னால வந்துட்டுப் போகுது."

"என்ன சொன்னாங்க?"

"இவ்வளவு காரம் எனக்கு ஒருநாளும் போடலையேடின்னு கேட்டாங்க."

பாருல் அன்று முழுவதும் அந்தப் பெருமையிலேயே அடுப்படியில் நின்றாள்.

அனிமேஷ் தனியாகத்தான் வந்தான். பெல்காச்சியாவில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. குழந்தையோடு துலியால் வர முடியாது. கீழ்க்குழாயடியில் அவன் தலை முழுகினான். போட்டிருந்த துணியெல்லாம் சோப்பு வாளிக்குள் போனது. மாமனாரின் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு மாடி ஏறினான். கைபேசியையும் சாவியையும்கூடப் பாருல் துடைத்தாள். அவன் கொண்டுவந்த மாம்பழம், லிச்சி, மீன் எல்லாம் அதனதன் முறைப்படி குளித்தன. எதையும் அவள் விட்டுவிடவில்லை.

மழை வந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் ஆணி அடித்திருந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். மின்சாரம் இன்னும் வரவில்லை. அறை புழுங்கியது. அனிமேஷ் பாயில் உட்கார்ந்தான். அவனுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக, சுபிமல். சாப்பிட வேண்டி முகக்கவசத்தைக் கழற்றினான். தாடி வளர்ந்த முகத்தைப் பார்த்து பாருலுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் அவன் முகத்தை அவள் கிட்டத்தில் பார்க்கவே இல்லை.

"இளைச்சுட்டியே அப்பா."

"உடம்பு கொஞ்சம் வலிக்குதும்மா. புயலுக்கு அப்புறம் கடையில மூட்டை தூக்கினது. வேற ஒண்ணுமில்ல."

அவள் விசிறியைத் தண்ணீரில் நனைத்து விசிறினாள். சாங்கியத்துக்கு மூன்று தடவை விசிறினால் போதும். புழுக்கத்தைப் பார்த்து அவள் நிறுத்தவே இல்லை.

முதலில் கீரையும் காசுந்தியும். அவன் ஒரு கரண்டி போட்டுச் சோற்றோடு பிசைந்தான். சுபிமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு துடிப்பான் என்று. அவன் துடிக்கவில்லை. இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

"பாத்தியா," என்றார் சுபிமல். "கண்ணுல ஒரு சொட்டு இல்ல. உனக்கு வாய்ச்ச மருமகன் இரும்பு மூக்கன்."

"நல்லா இருக்கும்மா," என்றான் அவன்.

"நானும் இரும்புதான்." சுபிமல் போட்டிக்கு ஒரு பெரிய உருண்டை பிசைந்து வாயில் போட்டார். மறுநொடி கண் சிவந்து, புரைக்கேறி, இருமல் பிடித்துக்கொண்டது. அனிமேஷ் பதறிப்போய் நெருங்கி, அவர் தோளைச் சேர்த்தணைத்து முதுகைத் தடவினான். "மெதுவா பாபா, மெதுவா. மூச்சை இழுத்து விடுங்க." பாருல் சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் சேர்த்து விசிறினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படியொரு சத்தம். அவன் போகும்போது ஒரு சின்னப் பாட்டிலில் காசுந்தி ஊற்றித் துலிக்குக் கொடுத்தனுப்பினாள்.

வாரம் திரும்புவதற்குள் சுபிமலுக்குக் காய்ச்சல். அப்புறம் விசில் நின்றுபோய், வேறொரு சத்தம். பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்தார்கள். படிக்கட்டு குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். எதிரும் புதிருமாக எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. சுலேகா வீட்டு ஜன்னலும்தான். நாற்காலியில் இருந்தபடியே அவர் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கயித்த உள்ள இழுத்துப் போடு. நனையுது பாரு," என்றார்.

அவ்வளவுதான் அவளிடம் அவர் பேசியது. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அனிமேஷை மட்டும் தூரத்தில் நிற்கவைத்து ஒரு மூட்டையைக் காட்டினார்களாம். அவனுக்கும் துலிக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அதற்குள் நாள் கடந்திருந்தது, ஒன்றுமில்லை என்று வந்தது.

பாருலுக்கும் காய்ச்சல். சந்தின் வாயில் மூங்கில் கட்டி அடைத்தார்கள். தனியாகக் கிடந்தாள். சுமங்கலிக்கு அடையாளமான சங்கு வளையலை உடைக்கக்கூட ஒருத்தி பக்கத்தில் இல்லை. தானே அம்மிக்கல்லில் தட்டி உடைத்தாள். காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் வாணலியில் எண்ணெய் வைத்துவிட்டு நின்றாள். கடுகெண்ணெய் கருகிப் புகை கண்ணை மறைத்தபோதுதான், தனக்கு வாசனையே தெரியவில்லை என்று புரிந்தது. ஊதுவத்தியை முகர்ந்தாள். வெங்காயத்தை நசுக்கி முகர்ந்தாள். கடைசியில் காசுந்தி ஜாடியைத் திறந்து மூக்கை உள்ளே நுழைத்தாள். ஒன்றுமில்லை. ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். நாக்கு மட்டும் லேசாகக் காந்தியது. மூக்கில் ஏறவில்லை, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

கண்ணுல ஒரு சொட்டு இல்ல. சுபிமலின் குரல் அப்படியே காதில் கேட்டது.

அவள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது கரண்டி. உடம்பு வலி. புழுங்கிய அறை. அவனுக்கு அந்தப் பக்கம் அவர். அவள் கையில் விசிறி. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் விசிறினாள் என்பது நினைவுக்கு வந்தபோது வலதுகையை அறுத்துப்போட வேண்டும்போல இருந்தது. உருளைக்கிழங்கின் கண்களையெல்லாம் தேய்த்துக் கழுவினாளே, மூச்சை எந்த வாளியில் முக்கியிருப்பாள்?

அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கீழேயே நின்றிருந்தவனை மேலே கூப்பிட்டது அவள்தான். இது அவனுக்குத் தெரிந்தால் என்ன ஆவான்? துலிக்குத் தெரிந்தால் தினமும் புருஷன் முகத்தில் அப்பாவின் சாவைப் பார்த்துக்கொண்டே சோறு போடுவாளா? போனவர் போய்விட்டார். இருக்கிற ஒரு குடும்பத்தையும் சேர்த்து எரிக்க வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

ஆகவே மூங்கிலை அவிழ்த்த பிறகு சுலேகா ஜன்னலைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை கழுவியும் எப்படி பௌதி உள்ள வந்துச்சு?" என்று கேட்டபோது, அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"ஒருநாள் பால் பாக்கெட்டைக் கழுவாம வெச்சுட்டேன். தலைவலி. நாளைக்குக் கழுவிக்கலாம்னு விட்டேன்."

"ஒரே ஒரு பாக்கெட்டா?"

"ஒண்ணு போதாதா?"

சந்து முழுக்க அது பரவியது. அவரவர் வீட்டுப் பால் பாக்கெட் மறுநாளிலிருந்து கூடுதலாக ஒரு தடவை குளித்தது. கட்டினவனைக் கவனக்குறைவால் கொன்றவள் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவள் கயிற்றை இறக்கும்போது பேச்சைச் சட்டென்று நிறுத்தினார்கள்.

ஆடி மழை பிடித்தது. அனிமேஷ் பழையபடி வந்துகொண்டிருந்தான். இப்போது பையில் மீன் இல்லை. விதவைக்கு எதற்கு மீன்? செவுளைத் திறக்கச் சொல்ல ஆளும் இல்லை. ஒருநாள் காலையில் அவன் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, தள்ளிப் போகாமல் அங்கேயே நின்றான்.

"மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு அப்பா."

"நேத்து துலி கீரையோட காசுந்தி வெச்சா. நீங்க அன்னைக்குக் கொடுத்தனுப்பினீங்களே, அதே பாட்டில்." அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "ஒரு துளிதான் வெச்சேன். மண்டை வரைக்கும் ஏறிடுச்சு. கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல."

பாருல் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் ரெண்டு கரண்டி தின்னேன்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல. பாபா ஒரு வாய்க்கே புரைக்கேறித் துடிச்சாரு. எனக்கு மட்டும் ஏன் தெரியல?" அவன் மேலே நிமிர்ந்து பார்த்தான். "ராத்திரி தூக்கம் வரல. அந்தக் காசுந்தி அன்னைக்குக் காரமா இருந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

எதிர் வராந்தாவில் சுலேகா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. கீழ்வீட்டுக் கதவு ஒன்றும் மெல்லத் திறந்தது.

"இல்லப்பா," என்றாள் பாருல். சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "அன்னைக்கு அது சோடை. அவருக்கு ஏறினது காரம் இல்ல, எப்பவும் வர்ற இருமல். ஒத்தையில அரைச்சது, பதம் தப்பிப்போச்சு. ஜாடியைத் திறந்தப்பவே எனக்குத் தெரியும், வெக்கப்பட்டுச் சொல்லல. நாளாக நாளாகத்தான் காரம் ஏறியிருக்கு."

காசுந்தி நாளாக நாளாகக் காரம் இறங்குமே தவிர ஏறாது. அது அந்தச் சந்தில் பிறந்த பெண் குழந்தைக்கும் தெரியும். அனிமேஷுக்குத் தெரியாது. கடுகு ஆண்கள் விஷயம் இல்லை. அவன் பாருலை விட்டுவிட்டு எதிர் வராந்தாவில் சித்தி முறையான சுலேகாவைப் பார்த்தான்.

"மாசி, உங்களுக்கும் அன்னைக்கு மா கொடுத்தாங்கதானே?"

சுலேகா பாருலைப் பார்த்தாள். பாருல் அவளைப் பார்க்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்வாயெல்லாம் தன் வாயில் வைத்திருக்கிறவள் சுலேகா. அவள் ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை அந்தச் சந்து பார்த்ததில்லை.

"கொடுத்தாங்க," என்றாள். "சப்புனுதான் இருந்துச்சுப்பா. சவசவன்னு, களி மாதிரி. பௌதி மனசு நோகுமேன்னு வெளியில சொல்லல. இந்த வீட்டுக் காசுந்தி கெட்டுப்போச்சு, என்ன ஆகப்போகுதோன்னு அன்னைக்கே எனக்கு பயம்தான்." பிழிந்த துணியை மறுபடி பிழிந்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. "நீ நேரத்துக்குக் கடைக்குப் போப்பா. மழை வருது."

அனிமேஷ் முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி மா. இழுங்க," என்றான்.

சைக்கிள் முனை திரும்பும்வரை இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுலேகா துணியைக் கம்பியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பாருல் பையை மேலே இழுத்தாள். உருளைக்கிழங்கு ஈரமாக இருந்தது. சந்துக் குழாயிலேயே அவன் ஒருதடவை கழுவிக் கொண்டுவந்திருக்கிறான். அவள் வாளி முன்னால் குந்தி, ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.